ஸ்பார்க் பிளக் இல்லாமல் பெட்ரோல் எஞ்சின்: எந்த வழி யாருக்கு ஒத்துவரும்?

சாவியை எடுத்த பிறகும் பழைய அம்பாசிடர், பத்மினி கார்கள் நாலைந்து சுற்று உதறி உதறி ஓடித்தான் நிற்கும். சாவி திரும்பிய நொடியே பிளக்கில் பொறி நின்றுவிடுகிறது. ஆனால் ஹெட்டில் படிந்த கரி அடுப்புக் கங்குபோலக் கனன்றுகொண்டிருக்கிறது, கார்புரேட்டர் வழியே பெட்ரோலும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பற்றிக்கொள்ள அதுவே போதும். ஆகவே பிளக் இல்லாமல் பெட்ரோல் எஞ்சின் ஓடுமா என்று கேட்டால், ஓடும். எந்த நேரத்தில் பற்றவேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஸ்ப்ரேயரிலும் பம்ப்செட்டிலும் பிளக் மாற்றி மாற்றிச் சலித்தவர்கள் ஒரு வகை. கடைசி வருட புராஜெக்டுக்கு எச்.சி.சி.ஐ. (பெட்ரோல், காற்றுக் கலவையைப் பொறி இல்லாமல் அழுத்தியே பற்றவைக்கும் முறை) எடுக்கலாமா என்று யோசிக்கும் மெக்கானிக்கல் மாணவர்கள் இன்னொரு வகை. மாஸ்டா பிளக்கை ஒழித்துவிட்டது என்று எங்கோ படித்துவிட்டு அடுத்த கார் அப்படி வாங்கலாமா என்று கேட்பவர்கள் மூன்றாம் வகை. மூவருக்கும் விடை ஒன்றல்ல. அதனால் அளவுகோல்களை முதலில் வைத்துவிடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது

டைமிங், அதாவது கலவை பற்றும் நேரம். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் விநாடியில் 18,000இல் ஒரு பங்கு. ஐடிலிங்கில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குப் பத்து டிகிரி முன்னால் விழுகிற பொறி, வேகம் கூடும்போது முப்பது டிகிரி வரை முன்னால் போகவேண்டும். பத்து டிகிரி பிசகினாலே ஒன்று இழுவை போகும், அல்லது நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டன் போகும்.

குளிர்ந்த ஸ்டார்ட். காலையில் முதல் கிக்கில் எடுக்கவேண்டும். அதற்கென்று வெளியிலிருந்து சூடு கொடுக்கவேண்டியிருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

லோடு. ஐடிலிங்கிலிருந்து முழு ஆக்சிலேட்டர் வரை ஒரே முறை தாங்கவேண்டும்.

மறைமுகச் செலவு. பிளக்குக்குக் கொடுக்காத காசு வேறெங்கே போகிறது? கனமான பிளாக், சென்சார், ஹீட்டர், பெட்ரோல் கிடைக்கிற ஊரில் கிடைக்காத எரிபொருள் எல்லாமே செலவுதான்.

புகை. தனி ஆள் பார்க்காவிட்டாலும், கார் கம்பெனிகள் இந்தப் பக்கமே திரும்பியதற்குக் காரணம் இதுவும் மைலேஜும்தான்.

வழிகளுக்குப் போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். பெட்ரோல் தானாகப் பற்றும் வெப்பநிலை ஏறக்குறைய 280 டிகிரி என்று புத்தகத்தில் இருக்கும். 10:1 கம்ப்ரஷன், அதாவது கலவையைப் பத்தில் ஒரு பங்காக அழுத்தும் சாதாரண பைக் எஞ்சினில் அழுத்தம் முடியும்போது கலவை 400 டிகிரியை நெருங்கிவிடுகிறது. அப்படியானால் ஏன் தானாகப் பற்றுவதில்லை? அந்த 280 டிகிரி, ஆய்வகக் குடுவையில் பொறுத்திருந்து பார்த்து எடுத்த அளவு. எஞ்சினில் கிடைப்பது சில மில்லி விநாடி. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பற்றவேண்டுமானால் கலவை ஏறக்குறைய 700 டிகிரிக்கு ஏறவேண்டும். ஆக்டேன் என்பதும் இந்தத் தாமதத்தின் அளவுதான். 91 ஆக்டேன் பெட்ரோல் சீக்கிரம் பற்றாதபடிதான் தயாராகிறது. சீக்கிரம் பற்றக்கூடாது என்று செய்த எரிபொருளைத் தானாகப் பற்றவைக்க முயல்கிறோம் என்பதை மறக்காமல் இருந்தால் கீழே வருவதெல்லாம் புரியும்.

| வழி | டைமிங் யார் கையில் | குளிர்ந்த ஸ்டார்ட் | லோடு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| ஸ்பார்க் பிளக் | பொறி நேரத்தைக் கணிக்கும் மின்னணுப் பெட்டி (சி.டி.ஐ. அல்லது ஈ.சி.யு.) | எளிது | முழுவதும் | கேப், வயர், காயில் பராமரிப்பு |
| சூட்டுக் குழாய் | குழாயின் நீளம், சூடு | பர்னர் மூட்டவேண்டும் | ஒரே வேகம் | திறந்த நெருப்பு |
| குளோ பிளக் | கம்பிச் சுருள், எரிபொருள் கலவை | சிறு பேட்டரி போதும் | மாடல் எஞ்சின் அளவு | மெத்தனால் |
| எச்.சி.சி.ஐ. | காற்றின் சூடு | கடினம் | நடுவில் மட்டும் | ஹீட்டர், பிரஷர் சென்சார் |
| நேரடி இன்ஜெக்‌ஷன் | இன்ஜெக்டர் | கடினம் | பெரும்பகுதி | டர்போ, சூப்பர்சார்ஜர் |
| பிளக்கும் அழுத்தமும் சேர்ந்து | பிளக் | எளிது | முழுவதும் | எஞ்சின் விலை |
| டீசல் எஞ்சின் | இன்ஜெக்டர் | ஓரளவு எளிது | முழுவதும் | எடை, பம்ப், நாசில் |

## பிளக்கோடு இருப்பது

மற்ற வழிகளை ஒப்பிட இதுதான் அடிப்படை. 0.6 முதல் 0.9 மி.மீ. இடைவெளியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாய்ந்து பொறி விழுகிறது. நுனி ஏறக்குறைய 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி எரிந்து விலகாது. 850ஐத் தாண்டினால் நுனியே கங்காகிப் பொறிக்கு முன்பே பற்றவைக்கும். ஹீட் ரேஞ்ச் என்று பிளக் நம்பரில் எழுதியிருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்குத்தான். விலை குறைவு என்று நம்பர் மாற்றிப் போடுபவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

100 சிசி வண்டியின் பிளக் நூறு, நூற்றைம்பது ரூபாய், 10,000–12,000 கி.மீ. தாங்கும். அந்தக் காசுக்கு விநாடிக்கு இருபத்தைந்து முறை, டிகிரி தப்பாமல் நெருப்பு வைக்கிற வேலையை வேறெந்தப் பாகமும் செய்வதில்லை.

## சூட்டுக் குழாய்: முதல் பெட்ரோல் எஞ்சின்களின் வழி

பிளக் இல்லாத பெட்ரோல் எஞ்சின் எதிர்காலச் சமாச்சாரம் என்று நினைத்தால் தவறு. ஜெர்மன் பொறியாளர் காட்லீப் டைம்லர் 1883இல் காப்புரிமை பெற்ற எஞ்சினிலேயே பிளக் கிடையாது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஒருமுனை மூடிய சிறு குழாய் வெளியே நீண்டிருக்கும். அதை ஒரு பர்னர் செக்கச்சிவக்கக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலேறும்போது போன சுற்றின் எரிந்த வாயுவைப் புதுக் கலவை குழாயின் உள்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய், சிவந்த இடத்தைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும்.

டைமிங்கை மாற்றவேண்டுமா? பர்னரை நகர்த்தவேண்டும், அல்லது குழாயை மாற்றவேண்டும். ஓடும்போது முன்பின் நகர்த்த வழியே இல்லை. அதனால்தான் 1885இல் டைம்லரின் இருசக்கர வண்டியில் இருந்த 264 சிசி எஞ்சின் 600 சுற்றில் அரைக் குதிரைத்திறனோடு நின்றது. அதே ஆண்டு நவம்பரில் அவர் மகன் பால், கான்ஷ்டாட்டிலிருந்து உண்டர்டூர்க்ஹைம் வரை அதை ஓட்டிப்போனபோது உட்காரும் இருக்கையே தீப்பிடித்தது. குழாய் இருந்தது சரியாக அதற்கடியில். 1902இல் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் உயரழுத்த மேக்னெட்டோவையும் (பொறிக்கான மின்சாரத்தை எஞ்சின் சுற்றிலேயே உண்டாக்கும் கருவி) பிளக்கையும் சேர்த்து உருவாக்கிய பிறகு இந்தக் குழாய்க்கு வேலை இல்லாமல் போனது.

இன்று இது பொருந்துவது பழைய எஞ்சின் புதுப்பிப்பவர்களுக்கும் கண்காட்சிக்கும் மட்டும். பெட்ரோல் டேங்கும் திறந்த பர்னரும் ஒரே சட்டத்தில் இருக்கும் எதையும் வீட்டிலோ பட்டறையிலோ செய்து பார்க்காதீர்கள்.

## குளோ பிளக்: பெட்ரோலுக்கு இல்லை

மாடல் விமான எஞ்சினில் ஸ்டார்ட் ஆகும்வரை 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு, பிறகு எடுத்துவிடுவார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ஸ்ப்ரேயருக்கும் இப்படியே செய்யலாமே என்று கேட்பவர்கள் அநேகர். அந்தப் பிளக்கில் இருப்பது பிளாட்டினம் சுருள். டேங்கில் இருப்பது மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாக எண்ணெய். மெத்தனால் பிளாட்டினத்தின் மேல் பட்டாலே வினை நடந்து சூடு எழும்பும். சுருள் அணையாமல் இருப்பது அதனால்தான். பெட்ரோலுக்கும் பிளாட்டினத்துக்கும் இடையில் அந்த அளவு வினை கிடையாது. ஊற்றினால் சில சுற்று ஓடி நின்றுவிடும். பெட்ரோலில் ஓடும் பெரிய மாடல் எஞ்சின்கள் எல்லாம் சி.டி.ஐ.யும் பிளக்கும் வைத்தே வருகின்றன.

மெத்தனால் கண்ணைக் கெடுக்கும் விஷம் என்பதையும், அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது என்பதையும் புதிதாக இறங்குகிறவர்களுக்கு யாராவது சொல்லியே தீரவேண்டும்.

## எச்.சி.சி.ஐ.: கலவையை அழுத்தியே பற்றவைப்பது

மாணவர்கள் அதிகம் மயங்கும் வழி இது. மயங்கக் காரணமும் இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் சீராகக் கலந்து உள்ளே போய், அழுத்தத்தின் சூட்டில் சிலிண்டர் முழுக்க ஒரே சமயத்தில் பற்றுகிறது. ஒரு மூலையிலிருந்து சுவாலை ஊர்ந்து வரவேண்டியதில்லை. அதனால் மிக மெலிந்த கலவையும் எரிகிறது, சூடு அளவோடு இருக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடு ஏறக்குறைய இல்லாமலே போகிறது. காற்று வழியை அடைக்கும் த்ராட்டிலை மூடவேண்டியதில்லை என்பதால் மைலேஜும் கூடும்.

சிக்கல், எப்போது பற்றும் என்பதைச் சொல்ல ஒரு பாகமும் இல்லாததுதான். உள்ளே வரும் காற்று பத்து டிகிரி சூடு கூடினால் முன்னால் பற்றும். குறைந்தால் பின்னால் போகும், அல்லது பற்றாமலே போகும். லோடு கூட்டப் பெட்ரோலை அதிகரித்தால் எல்லாம் ஒரே நொடியில் எரிந்து சுத்தியல் அடிபோலப் பிஸ்டனில் இறங்கும். முழுத் திறனில் பாதியைத் தாண்டுவதே பெரும்பாடு. குறைந்த லோடிலோ முழுவதும் எரியாமல் ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் வெளியே வரும். அதைச் சுத்தம் செய்யவேண்டிய கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு வேலை செய்ய 250–300 டிகிரியாவது வேண்டும். சைலன்ஸருக்கு வரும் புகையில் அந்தச் சூடு இருப்பதில்லை. 2007இல் ஜெனரல் மோட்டார்ஸ் இதை சாட்டர்ன் ஆரா காரில் ஓட்டிக் காட்டியது. அதிலும் குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கும் 55 மைல் வேகத்துக்கு மேலும் பிளக்தான் பொறி வைத்தது.

### புராஜெக்டாகச் செய்வதானால்

பெட்ரோல் பைக் எஞ்சினின் ஹெட்டைத் தேய்த்துக் கம்ப்ரஷன் ஏற்றித் தொடங்காதீர்கள். அந்த பிஸ்டனும் கனெக்டிங் ராடும் இந்த அடிக்குச் செய்தவை அல்ல. முதலில் ஹெட் கேஸ்கெட் ஊதும், அடுத்து பிஸ்டனின் விளிம்பு உதிரும். டீசல் எஞ்சினிலிருந்து தொடங்குவதே சரி. பல கல்லூரி லேப்களில் இருக்கும் கிர்லோஸ்கர் டிவி1 இதற்குத் தோதானது: 87.5 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 110 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 661 சிசி, கம்ப்ரஷன் 17.5:1, வேகம் 1500.

கணக்கு இப்படி வரும். 1500 சுற்றில் நிமிடத்துக்கு 750 முறை மூச்சிழுக்கும் எஞ்சின், விநாடிக்கு அதிகபட்சம் 8 கிராம் காற்று எடுக்கும். அதை 30 டிகிரியிலிருந்து 150க்கு ஏற்ற ஏறக்குறைய 1 கிலோவாட் தேவை. சூடேறிய காற்றின் அடர்த்தி குறைவதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் குழாயில் இழக்கும் சூட்டையும் சேர்த்து 1.5 கிலோவாட் ஹீட்டர் போடுங்கள். காற்று, பெட்ரோல் விகிதம் 40:1இல் தொடங்கினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு உட்பட்டே பெட்ரோல் செலவாகும். அதற்குத் தகுந்த, காற்றுக் குழாயில் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய போர்ட் இன்ஜெக்டர் வேண்டும். கார் இன்ஜெக்டர் மிகப் பெரிது. திறந்து மூடும் நேரத்தைக் குறைக்கக் குறைக்க அளவு நிலைக்காது.

ஹீட்டர் இன்ஜெக்டருக்கு முன்னால், காற்று வரும் பக்கமே இருக்கவேண்டும். பெட்ரோல் ஆவி ஹீட்டர் சுருளைத் தொட்டால் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டே வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தீத்தடுப்பு வலை போடுங்கள். எஞ்சின் நின்றால் இன்ஜெக்டரும் ஹீட்டரும் சேர்ந்தே அணையும்படி ரிலே வையுங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் ஓட்டவே வேண்டாம்.

முதலில் டீசலில் ஸ்டார்ட் செய்து, குளிர்நீர் 80 டிகிரி வந்ததும் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அதே அளவுக்கு டீசலைக் குறைத்து வாருங்கள். சிலிண்டர் அழுத்தம் ஒரு டிகிரிக்கு 10 பார் வேகத்தில் ஏறினால் உடனே பெட்ரோலைக் குறைக்கவேண்டும். பிரஷர் சென்சாரும் கிராங்க் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று காட்டும் என்கோடரும் இல்லாத லேபில் இதைக் காதால் கேட்டே சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். காதில் விழுவதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும். சென்சார் இல்லையென்றால் டீசலை முழுவதும் நிறுத்தாமல், சிறு அளவு டீசலையே பற்றவைக்கும் குச்சியாக வைத்துக்கொண்டு பெட்ரோலைச் சேர்க்கும் இரட்டை எரிபொருள் முறையை எடுங்கள். அதிலும் டைமிங் இன்ஜெக்டர் கையிலேயே இருக்கிறது. பெட்ரோலின் பங்கைச் சிறு படிகளாகக் கூட்டி, நாக்கிங் தலைகாட்டும் முன்பே நிறுத்துங்கள்.

## நேரடி இன்ஜெக்‌ஷன்

பெட்ரோலை முன்கூட்டிக் கலக்காமல், டீசல்போலக் கடைசி நேரத்தில் இரண்டு மூன்று தவணையாகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சினால் டைமிங் மறுபடி கைக்கு வருகிறது. பிளக் அறவே இல்லாத வழிகளில் தேறக்கூடியது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. கார் பாகங்கள் செய்யும் டெல்ஃபியும் ஹூண்டாயும் சேர்ந்து 1.8 லிட்டர் எஞ்சினில் இதைச் செய்து காட்டின. ஆனால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டும் தேவைப்பட்டன. எரிந்த சூடான வாயுவை மீண்டும் உள்ளிழுக்கத் தனி வால்வ் ஏற்பாடும் தேவைப்பட்டது. பெட்ரோல் பங்கில் விற்கும் 91, 95 ஆக்டேன் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. கௌதம் கல்கட்கி போன்ற ஆய்வாளர்கள் 70 ஆக்டேன் பக்கமுள்ள, குறைவாகச் சுத்திகரித்த எரிபொருளே பொருத்தம் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த எரிபொருள் பங்குக்கு வரும்வரை வாங்குகிறவர்களுக்கு இதில் வேலை இல்லை.

## பாதி வழி: பிளக்கை வைத்துக்கொண்டே

ஹோண்டா இரு ஸ்ட்ரோக்கில் இதைச் செய்தது. எக்ஸாஸ்ட் போர்ட்டில் ஒரு வால்வை வைத்து, எரிந்த வாயுவைத் தேவையான அளவு உள்ளேயே தேக்கினால் குறைந்த லோடில் கலவை தானாகவே, அதுவும் சரியான நேரத்தில் பற்றும். 402 சிசி ஈ.எக்ஸ்.பி.-2 பைக் 1995 கிரானடா–டக்கார் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது, 1997இல் சி.ஆர்.எம்.250ஏ.ஆர். விற்பனைக்கும் வந்தது. ஸ்டார்ட்டுக்கும் பெரிய லோடுக்கும் பிளக் இருந்தது.

மாஸ்டாவின் ஸ்கைஆக்டிவ்-எக்ஸ் 2019இல் வந்தது. அப்போது ஐரோப்பாவில் அதன் கம்ப்ரஷன் 16.3:1. மெலிந்த கலவையை அழுத்திப் பற்றும் விளிம்பில் நிறுத்திவிட்டு, பிளக்கைச் சுற்றிச் சிறு தீப்பந்து எழுப்புகிறது. அந்தத் தீப்பந்து விரிந்து மீதியை அழுத்த, மீதி தானாகப் பற்றுகிறது. ஆக, பிளக் அங்கேயே இருக்கிறது. முன்பைவிடக் கவனமாக வேலை செய்கிறது. மாஸ்டா கார் பிளக்கை ஒழித்துவிட்டது என்பது தவறான செய்தி. சிலிண்டருக்கு ஒரு பிரஷர் சென்சார், காற்று தள்ள ஒரு சூப்பர்சார்ஜர், 24 வோல்ட் ஹைபிரிட் என்று கூடுதல் பாகங்களின் விலை எஞ்சினில் ஏறுகிறது. மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை. இலங்கையிலோ வெளிநாட்டிலோ பழைய வண்டியாக வாங்குபவர்கள், கம்பெனி சொன்ன பிளக்கையும் ஆக்டேனையும் மாற்றாமல் இருந்தால் போதும்.

## டீசலே வாங்கிவிடுவது

பிளக் வேண்டாம் என்பது மட்டும்தான் தேவை என்றால் சந்தையில் தயாராக இருக்கும் விடை டீசல். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஒரே இடத்தில் ஓடும் பம்ப்செட்டுக்கு இது சரி. தோளில் தூக்கும் ஸ்ப்ரேயருக்கும் புல்வெட்டும் கருவிக்கும் சரிவராது. அதே திறனுக்கு ஏர்கூல்டு டீசல் ஏறக்குறைய இருமடங்கு எடை. பிளக் தொல்லை போய் நாசில் அடைப்பு, தண்ணீர் கலந்த டீசல், டேங்க் வற்றினால் லைனில் ஏறிய காற்றை வெளியேற்றுவது (பிளீட் செய்வது) என்று வேறு தொல்லைகள் வரும்.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றினால் பிளக் இல்லாமல் ஓடுமே என்றும் சிலர் கேட்பதுண்டு. அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2 லாரி 22:1 கம்ப்ரஷனோடு அவசரத்துக்குப் பெட்ரோலிலும் ஓடியது உண்மை. அது அதற்கென்றே வடிவமைத்த எஞ்சின். இன்றைய டீசல் கார்களின் உயரழுத்தக் காமன்ரெயில் பம்புக்கு டீசலின் வழவழப்புதான் எண்ணெய். பெட்ரோல் போனால் உலோகம் உலோகத்தில் உரசி, துகள் இன்ஜெக்டர் வரை போகும். பங்கில் தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாமல் தள்ளி நிறுத்தி, டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

## பிளக் தொல்லையால் இங்கே வந்தவர்களுக்கு

உங்களுக்கு எஞ்சின் மாற்றவேண்டியதே இல்லை. கழற்றிய பிளக்கின் நுனியைப் பாருங்கள். மங்கிய செங்கல் நிறமாக இருந்தால் எஞ்சின் நலம், கோளாறு வேறெங்கோ.

கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம், சோக் திறக்கவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைபட்டிருக்கிறது. இரு ஸ்ட்ரோக் ஸ்ப்ரேயருக்குக் கம்பெனி 1:40 என்று சொன்னால் லிட்டருக்கு 25 மி.லி. மட்டுமே, மூடியால் கண்ணளவில் ஊற்றுவதே பாதிப் பிளக்குகளைக் கெடுக்கிறது.

வெளுத்து, கொப்புளம்போல இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள பேக்கிங்கில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

நுனி நன்றாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பைச் சோதியுங்கள். ரெசிஸ்டர் கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் காட்டும். பல மடங்கு காட்டினால் மாற்றவேண்டியதுதான். கடலோரத்தில் ஓடும் படகு எஞ்சின்களில் கேப்புக்குள் உப்பு படிந்து, பொறி நுனிக்கு வராமல் வெளியே கசியும். இருட்டில் ஓடவிட்டுப் பார்த்தால் வயரை ஒட்டி நீலமாகக் கசிவது தெரியும். வயர் நுனியில் அரை அங்குலம் வெட்டிவிட்டுக் கேப்பை மறுபடி திருகினாலே பல நேரம் சரியாகிவிடும்.

பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக்கை ஹெட்டின் மேல் வைக்கும்போது பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். கிக் அடிக்கும்போது அந்தத் துளை வழியே பெட்ரோல் ஆவிதான் பீய்ச்சிக்கொண்டு வரும். மறுபடி மாட்டும்போது முதலில் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். ரெஞ்சால் தொடங்கினால் அலுமினிய மரை போய்விடும். புது வாஷர் என்றால் அதற்கு மேல் ரெஞ்சால் அரைச் சுற்று. பழைய பிளக்கையே போடுவதானால் அதில் கால்பங்குகூட வேண்டாம்.